முதல்முறையாக கவுன்சலிங் போகிறேன், அங்கே என்ன நடக்கும்?

கேள்வி: எனக்கு 36 வயது. கரூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். இரண்டு பிள்ளைகள். மாமனார், மாமியாரோடு கூட்டுக் குடும்பம். எட்டு மாதத்துக்கு முன் அப்பா இறந்துவிட்டார். ஆஸ்பத்திரி, காரியம், பாகப்பிரிவினை எல்லாவற்றுக்கும் நான்தான் நின்றேன். அப்போது அழவே இல்லை. மூன்று மாதமாக ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது, விரல்கள் மரத்துப்போகின்றன, செத்துவிடுவேனோ என்று பயம் வருகிறது. மாடிப்படி ஏறக்கூடப் பயந்து ஆபீசில் கீழேயே உட்கார்ந்துகொள்கிறேன். இ.சி.ஜி., எக்கோ இரண்டும் நார்மல். ‘கவுன்சலிங் போங்கம்மா’ என்று டாக்டர் சொன்னார். திருச்சியில் ஒரு தனியார் மையத்தில் அடுத்த வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன். இப்போது பயமாக இருக்கிறது. மயக்கிவைத்துக் கேட்பார்களா? மாத்திரை கொடுத்துப் பழக்கிவிடுவார்களா? நான் சொல்வதைக் கணவரிடம் சொல்லிவிடுவார்களா? எத்தனை தடவை போகவேண்டும், எவ்வளவு ஆகும்? மந்திரித்துக் கயிறு கட்டினால் போதும் என்கிறார் மாமியார். என்ன பேசுவது என்றே தெரியவில்லை, போகாமல் விட்டுவிடலாமா?
– பெயர் வேண்டாம், கரூர்

பதில்:

அன்புள்ள சகோதரி,

விட்டுவிடாதீர்கள். போவதற்கு முன் அங்கே என்ன நடக்கும், எது முறை, எது முறையல்ல என்று தெரிந்துகொண்டு போங்கள். பாதிப் பயம் இடம் தெரியாததால் வருவது.

அறையை முதலில் சொல்லிவிடுகிறேன். சாய்ந்து படுக்கும் கட்டில் கிடையாது. மயக்க மருந்து கிடையாது, ஷாக் கிடையாது. இரண்டு மூன்று நாற்காலி, ஒரு சின்ன மேஜை, டிஷ்யூ பெட்டி, இருவருக்கும் தெரிகிற இடத்தில் ஒரு கடிகாரம். கதவு சாத்தியிருக்கும். நீங்கள் பேசுவது வெளியே வரவேற்பில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கக் கூடாது. கேட்கிறது என்று தோன்றினால் உட்கார்ந்ததுமே சொல்லிவிடுங்கள், அது உங்கள் உரிமை.

வியாழனுக்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, ரத்தப் பரிசோதனை. இ.சி.ஜி., எக்கோ எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள், தைராய்டு பார்த்ததாக எழுதவில்லை. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் நெஞ்சு படபடக்கும், தூக்கம் கெடும், கை நடுங்கும். ரத்தசோகையிலும் மாடி ஏறினால் மூச்சு வாங்கும், படபடப்பு வரும். தைராய்டுக்கான டி.எஸ்.எச்., ரத்தசோகைக்கான ஹீமோகுளோபின் இரண்டும் சாதாரண லேபிலேயே பார்க்கலாம். முடியுமானால் வைட்டமின் பி12 அளவும் பார்த்துவிடுங்கள். இந்தத் தாள்களோடு இ.சி.ஜி., எக்கோ ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். நல்ல மனநல நிபுணர் முதல் அரைமணி நேரத்துக்குள் ‘தைராய்டு பார்த்தீர்களா?’ என்று கேட்பார். கேட்காமலே ‘எல்லாம் மனசுதான்’ என்று முடிவுக்கு வருகிறவரிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள். மருத்துவர் எல்லா ரிப்போர்ட்டும் சரி என்று சொன்ன பிறகு இந்தச் சந்தேகத்தை மூட்டை கட்டிவிடலாம். மாதாமாதம் புதிது புதிதாக டெஸ்ட் எடுப்பதும் பதற்றத்துக்குத் தீனி போடுகிற வேலைதான்.

இரண்டாவது, அந்த மையத்துக்கு ஒரு போன். பலர் நேரம் மட்டும் வாங்கிவிட்டு யாரைப் பார்க்கப் போகிறோம் என்று கேட்பதே இல்லை. நம் ஊரில் ‘கவுன்சலர்’ என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்கிற நிலைதான் நடைமுறையில் இருக்கிறது. இரண்டு ஆண்டு எம்.எஸ்சி. படித்தவரும் மாட்டியிருக்கலாம், ஆறு வார சான்றிதழ் படிப்பு முடித்தவரும் மாட்டியிருக்கலாம். அதனால் பெயர்களைப் பிரித்துப் பாருங்கள்.

சைக்கியாட்ரிஸ்ட் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் எம்.டி. அல்லது டி.பி.எம். படித்த டாக்டர். மருத்துவ கவுன்சில் பதிவு எண் இருக்கும், மாத்திரை எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் உளவியலில் முதுகலை முடித்து, அதன்பின் எம்.ஃபில். போன்ற மருத்துவமனைப் பயிற்சியுள்ள படிப்பையும் முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்தவர். பேச்சு வழிச் சிகிச்சையும் உளவியல் பரிசோதனையும் அவர் வேலை, மாத்திரை எழுதக் கூடாது. கவுன்சலிங் சைக்காலஜிஸ்ட், மனநல ஆலோசகர் என்றிருந்தால் பெரும்பாலும் உளவியலில் அல்லது சமூகப்பணியில் முதுகலை முடித்தவர்கள். இவர்களில் மிக நன்றாகச் சிகிச்சை தருகிறவர்கள் உண்டு. ஆனால் படிப்பு என்ன, யாரிடம் பயிற்சி, பதற்ற நோய்க்கு எந்த முறையில் சிகிச்சை தருகிறார் என்று கேட்டு, பதில் நேராக வருகிறதா என்று பார்க்கவேண்டும். உடம்பு சார்ந்த அறிகுறி இவ்வளவு இருக்கும்போது கிளினிக்கல் சைக்காலஜிஸ்டை அல்லது ஒரு சைக்கியாட்ரிஸ்டோடு சேர்ந்து வேலை செய்கிற ஆலோசகரைப் பார்ப்பது உங்களுக்கு நல்லது.

போனில் கேட்கவேண்டியவை இவைதான்: என்னைப் பார்க்கப்போகிறவர் பெயர், படிப்பு, பதிவு எண் என்ன? முதல் சந்திப்பு எவ்வளவு நேரம், எவ்வளவு கட்டணம்? வர முடியாமல் போனால் எவ்வளவு முன்னால் சொல்லவேண்டும்? பெண் ஆலோசகர் கிடைப்பாரா? தேவைப்பட்டால் எந்த டாக்டரிடம் அனுப்புவீர்கள்? ஐந்து நிமிடப் பேச்சு. பதிவு எண்ணைக் கேட்டதற்கு எதிர்முனையில் எரிச்சல் வந்தால் வேறு இடம் பாருங்கள். ஆர்.சி.ஐ. பதிவை அந்த கவுன்சிலின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம்.

சரி, வியாழக்கிழமை. கால்மணி நேரம் முன்னால் போய்விடுங்கள், ஏனென்றால் நிரப்பச் சொல்லித் தாள்கள் தருவார்கள். பெயர், வயது, அவசரத்துக்குத் தொடர்புகொள்ள ஒருவரின் எண், இப்போது சாப்பிடும் மாத்திரைகள், பழைய நோய்கள் என்று ஒரு தாள். அவசர எண்ணாக யாரைக் கொடுப்பது என்று வீட்டிலேயே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். அது கணவராகத்தான் இருக்கவேண்டும் என்று இல்லை, அக்காவோ தோழியோ இருக்கலாம்.

அடுத்தது கேள்விப் பட்டியல். பதற்றத்துக்கு ஜி.ஏ.டி.-7, மனச்சோர்வுக்கு பி.எச்.க்யூ.-9 என்ற இரண்டும் பரவலாகத் தரப்படுபவை. ‘கடந்த இரண்டு வாரத்தில் இந்தத் தொந்தரவு எத்தனை நாள் இருந்தது’ என்று ஒவ்வொரு வரியும் கேட்கும். இல்லவே இல்லை என்றால் 0, கிட்டத்தட்ட தினமும் என்றால் 3. ஏழு கேள்வியின் கூட்டுத்தொகை அதிகபட்சம் 21, ஒன்பது கேள்வியினுடையது 27. இரண்டிலுமே 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனித்துப் பார்க்கவேண்டிய அளவு என்று பொருள். அது நோயின் பெயர் அல்ல, காய்ச்சலில் தெர்மாமீட்டர் காட்டுகிற எண் மாதிரி. நான்கு வாரம் கழித்து மறுபடி நிரப்பும்போது குறைந்திருக்கிறதா என்று ஒப்பிடத்தான் முக்கியமாகப் பயன்படுகிறது. ஆங்கிலத்தில் தந்தால் தமிழில் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டுக்கும் தமிழ் வடிவம் இருக்கிறது. இங்கே நடக்கும் ஒரு தப்பையும் சொல்லவேண்டும்: கூட வந்தவர் பேனாவை வாங்கி ‘அவளுக்கு அப்படியெல்லாம் இல்லைங்க’ என்று 0 போட்டுவிடுவார். நீங்களே தனியாக உட்கார்ந்து நிரப்புங்கள்.

பிறகு ஒப்புதல் படிவம். கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்துவிடாமல் முழுக்கப் படியுங்கள். என்ன வகைச் சிகிச்சை, கட்டணம், ரத்து விதி, ரகசியம் எதுவரை காக்கப்படும், குறிப்புகள் எங்கே வைக்கப்படும், பேச்சைப் பதிவு செய்வார்களா என்பவை அதில் இருக்கவேண்டும். பதிவு செய்வதற்கு உங்கள் சம்மதம் தனியாக வேண்டும், மறுத்தால் சிகிச்சை கிடைக்காது என்று சொல்லக்கூடாது. படிவமே இல்லாத மையங்களும் உண்டு. அப்போது இதையெல்லாம் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் சந்திப்பு 60 முதல் 90 நிமிடம் வரை போகலாம். அடுத்தடுத்தவை பொதுவாக 45 அல்லது 50 நிமிடம். முதல் நாள் பெரும்பகுதி விவரம் சேகரிப்பதிலேயே போய்விடும். எப்போது ஆரம்பித்தது, எத்தனை மணிக்கு வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, அப்போது என்ன செய்கிறீர்கள், பசி, தூக்கம், மாதவிடாய், ஒரு நாளைக்கு எத்தனை காபி, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா, வேலை, கல்யாணம், சிறுவயது. ‘நான் படபடப்பைச் சொல்ல வந்தால் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்கிறார்களே’ என்று தோன்றும். பயம் எங்கே வேர் பிடித்தது, எது அதை நிற்கவிடாமல் பார்த்துக்கொள்கிறது என்று தேடுகிறார்கள். சொல்ல விருப்பமில்லாத கேள்விக்கு ‘இது இப்போ வேண்டாம்’ என்று சொன்னால் போதும். ஒரு நல்ல ஆலோசகர் அதைத் தாளில் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

‘ஒரு மாதிரி இருக்கு’ என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அங்கே அப்படிச் சொன்னால், ‘ஒரு மாதிரின்னா எப்படி? உடம்புல எங்க?’ என்று திருப்பிக் கேட்பார்கள். குறுக்கு விசாரணை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நெஞ்சு அடைக்கிறதா, வயிற்றைப் பிசைகிறதா, தலை கிறுகிறுக்கிறதா, அழுகை முட்டுகிறதா என்பது ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். ‘டிப்ரெஷன்’, ‘ஆங்சைட்டி’ என்ற சொற்களைத் தேடவேண்டாம். ‘பதறுது’, ‘மனசு விட்டுப்போச்சு’, ‘வெறிச்சுன்னு இருக்கு’ என்று வீட்டில் பேசுகிற மாதிரியே சொல்லுங்கள். ஆலோசகர் ஆங்கிலம் கலந்து பேசி உங்களுக்குப் புரியாவிட்டால், ‘தமிழ்ல சொல்லுங்க’ என்று கேட்கலாம்.

ஒரு கேள்வி கண்டிப்பாக வரும். ‘செத்துடலாம்னு தோணியிருக்கா? உங்களை நீங்களே காயப்படுத்திக்கணும்னு தோணியிருக்கா?’ உங்கள் பயம் செத்துவிடுவேனோ என்பது. இந்தக் கேள்வி வாழப் பிடிக்கவில்லையா என்பது. இரண்டும் வேறு. இதை எல்லோரிடமும் கேட்பார்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. இருப்பதை மறைத்தால்தான் ஆபத்து. ‘ஆமாம், எப்போதாவது தோன்றும்’ என்று சொன்னால் உடனே அட்மிட் செய்துவிடுவார்கள் என்று பலர் பயந்து மறைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. எண்ணம் மட்டுமா, திட்டம் இருக்கிறதா, கையில் வழி இருக்கிறதா என்று கேட்டு, அதற்குத் தகுந்த பாதுகாப்பை உங்களோடு சேர்ந்து எழுதுவார்கள்.

இனி, உங்கள் பெரிய கவலை. கணவரிடம் சொல்வார்களா? நீங்கள் சம்மதிக்காமல் சொல்லக்கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 23-ஆம் பிரிவு, சிகிச்சையில் தெரிந்துகொண்டதை ரகசியமாக வைக்கும் கடமையை மனநலத் துறையினர்மேல் வைக்கிறது. கட்டணத்தைக் கணவர் கட்டினாலும் அவருக்கு அந்த உரிமை வந்துவிடாது. விதிவிலக்குகள் உண்டு, அவற்றை முதல் நாளே ஆலோசகர் உங்களிடம் சொல்லியிருக்கவேண்டும். உங்கள் உயிருக்கோ இன்னொருவருக்கோ ஆபத்து என்றால் தேவையான அளவுக்கு மட்டும் சொல்லலாம். நீதிமன்றம் ஆணையிட்டால் தரவேண்டும். உங்களுக்குச் சிகிச்சை தரும் மற்ற மருத்துவரோடு பகிரலாம். பேச்சினிடையே ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடப்பது தெரியவந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தகவல் தெரிவித்தே ஆகவேண்டும். இவற்றுக்கு வெளியே, மாமியார் போன் செய்து ‘எங்க மருமகளுக்கு என்ன?’ என்று கேட்டால், ‘யார் வருகிறார்கள் என்பதைச் சொல்வதில்லை’ என்பதுதான் வரவேற்பிலிருந்து வரவேண்டிய பதில். உங்கள் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டுப்பெறும் உரிமையை அதே சட்டத்தின் 25-ஆம் பிரிவு தருகிறது.

உங்கள் ஆபீசுக்கும் எந்தத் தகவலும் போகாது. ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டைப் பொறுத்தவரை, உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்று அதே மனநலச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் தங்கும் செலவுக்குத்தான். புறநோயாளிச் செலவைத் தரும் பிரிவு உங்கள் பாலிசியில் இருந்தால் மட்டும்தான் கவுன்சலிங் கட்டணம் திரும்பக் கிடைக்க வாய்ப்பு. இனி புதிதாக ஒரு பாலிசி எடுத்தால் விண்ணப்பத்தில் கேட்பதற்கு உண்மையைச் சொல்லுங்கள், மறைத்தது பின்னால் தெரிந்தால் க்ளெய்மையே நிராகரித்துவிடுவார்கள்.

கணவரைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்றால், போகலாம். ஆனால் முதலில் நீங்கள் தனியாகப் பேசுங்கள், கடைசிப் பத்து நிமிடம் அவரை உள்ளே அழைக்கலாம். அவரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லவேண்டாம் என்று கதவு திறப்பதற்கு முன் ஆலோசகரிடம் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, மூன்றாவது சந்திப்பில் என்ன நடக்கும் என்பதுதான் விஷயமே. கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் வைப்பது முறையல்ல, நான் வைக்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்வது போன்ற திடீர்ப் பயத்துக்கு அறிவுசார் நடத்தைச் சிகிச்சை, அதாவது சி.பி.டி., நன்றாக நிரூபிக்கப்பட்ட முறை. அதில் ஆலோசகர் ஒரு தாளில் வட்டம் வரைவார். மேலே ‘நெஞ்சு ஒருமுறை பலமாக அடிக்கிறது’. அம்புக்குறி. ‘ஹார்ட் அட்டாக்கோ என்ற நினைப்பு’. அம்புக்குறி. ‘பயம், உடம்பில் அட்ரினலின்’. அம்புக்குறி. ‘வேகமாக மூச்சு வாங்குதல்’. வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். அதனால் விரல் மரக்கும், தலை சுற்றும். அதைப் பார்த்து இன்னும் பயம், இன்னும் படபடப்பு. வட்டம் மூடிவிட்டது. இப்படி வரும் பயம் பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், தானாகவே இறங்கத் தொடங்கும். ஆனால் நீங்கள் அதற்குள் விளக்கைப் போட்டு, தண்ணீர் குடித்து, கணவரை எழுப்பி, நாடி பிடித்துப் பார்த்துவிடுகிறீர்கள். அதனால் ‘இதெல்லாம் செய்ததால்தான் பிழைத்தேன்’ என்று மனம் கணக்கெழுதிக்கொள்கிறது. மாடி ஏறாமல் தவிர்ப்பதும் இதே கணக்குதான்.

வீட்டுக்கு ஒரு தாள் கொடுத்து அனுப்புவார்கள். அதில் ஒரு வரி இப்படி இருக்கும். நேரம்: செவ்வாய், இரவு 3.10. உடம்பு: நெஞ்சு படபடப்பு, இடது கை விரல் மரப்பு. நினைப்பு: ‘அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, நான் போனால் பிள்ளைகள் என்ன ஆகும்?’ பயம்: 100-க்கு 85. செய்தது: எழுந்து உட்கார்ந்தேன், யாரையும் எழுப்பவில்லை. 3.25-க்குப் பயம்: 40. இந்த மாதிரி பத்து வரி சேர்ந்துவிட்டால், நீங்களும் ஆலோசகரும் வாயால் ஒரு மணி நேரம் பேசிக் கண்டுபிடிக்க முடியாததைக் கண்ணால் பார்த்துவிடலாம். தாளை நிரப்பாமல் போவது நிறையப் பேர் செய்வது. நேரமில்லை என்பதைவிட, யாராவது படித்துவிடுவார்கள் என்ற பயம்தான் பல வீடுகளில் காரணம். போன் நோட்ஸில் பூட்டு போட்டு எழுதலாம். அதுவும் முடியாவிட்டால் காலண்டரில் நேரத்தையும் 100-க்கு எவ்வளவு என்ற எண்ணையும் மட்டும் குறியுங்கள், மற்றவருக்கு அது பால் கணக்கு மாதிரிதான் தெரியும்.

அதற்கடுத்த கட்டத்தில் அறையிலேயே ஒரு நிமிடம் நின்ற இடத்தில் ஓடச் சொல்லலாம், அல்லது ஒரு ஸ்ட்ரா வழியாக மூச்சு விடச் சொல்லலாம். வேண்டுமென்றே படபடப்பை வரவழைத்து, அது வந்து போவதைப் பார்க்கவைக்கிற பயிற்சி அது. பிறகு ஒரு மாடி, இரண்டு மாடி என்று படியேற்றம். இதைச் செய்வதற்கு முன் உங்கள் இதயப் பரிசோதனை ரிப்போர்ட்டை அவர் பார்த்திருக்கவேண்டும். ஆஸ்துமா, கர்ப்பம் போன்றவை இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.

அப்பாவைப் பற்றிய பேச்சு எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. முதல் நாளே வரலாம், ஐந்தாவது வாரம் வரலாம். காரியத்தில் பந்தி, வெற்றிலைப்பாக்கு, ஐயர் தட்சிணை என்று ஓடியாடி எல்லாவற்றையும் நின்று நடத்திய மகளுக்கு அழுவதற்கு யாரும் இடம் விட்டிருக்க மாட்டார்கள். எட்டு மாதம் கழித்து அந்த அறையில் அழுகை வந்தால் வரட்டும். ‘ஆரம்பித்தால் நிறுத்த முடியாதோ’ என்ற பயம் நிறையப் பேருக்கு உண்டு. அழுகை நிற்கும். சந்திப்பு முடிய ஐந்து பத்து நிமிடம் இருக்கும்போதே ஆலோசகர் உங்களைச் சமநிலைக்குக் கொண்டுவந்துவிடவேண்டும். அதற்குத்தான் அந்தக் கடிகாரம்.

பணமும் நாளும். தமிழ்நாட்டின் மாவட்ட நகரங்களில் ஒரு சந்திப்புக்கு 500 முதல் 1,500 ரூபாய், சென்னையில் 1,000 முதல் 2,500 அல்லது அதற்கு மேல் என்பது பரவலாக இருக்கும் கட்டணம். முதல் சந்திப்புக்கு கொஞ்சம் கூடுதலாக வாங்குவதுண்டு. உங்களைப் போன்ற சிக்கலுக்கு முதல் நான்கைந்து வாரம் வாரம் ஒருமுறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் 8 முதல் 16 வரை என்று வைத்துத் திட்டமிடலாம். 1,000 ரூபாய், 12 சந்திப்பு என்றால் 12,000 ரூபாய், பஸ் செலவும் அரைநாள் விடுப்பும் தனி. நான்காவது அல்லது ஆறாவது சந்திப்பில் ‘எங்கே ஆரம்பித்தோம், எங்கே வந்திருக்கிறோம்?’ என்று இருவரும் உட்கார்ந்து பார்க்கவேண்டும். ஆலோசகர் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். கட்டணம் கஷ்டம் என்றால் குறைக்க முடியுமா என்று வெட்கப்படாமல் முதல் நாளே கேளுங்கள், பல மையங்களில் சில இடங்களைக் குறைந்த கட்டணத்துக்கு வைத்திருப்பார்கள். பத்து சந்திப்புக்கு மொத்தப் பணத்தையும் முன்பே கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். இரண்டு பார்த்தபின் ஒத்துவரவில்லை என்றால் அந்தப் பணம் திரும்பாது. இதெல்லாம் முடியாது என்றாலும் சிகிச்சை நிற்கவேண்டாம். உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் டாக்டரையும் மாத்திரையையும் இலவசமாகப் பெறலாம். அங்கே கூட்டம் அதிகம், 50 நிமிடம் பேசக் கிடைப்பது அரிது.

வாரம் ஒருமுறை திருச்சி போய்வருவது கஷ்டமானால், முதல் மூன்றை நேரில் பார்த்துவிட்டு ஒன்றுவிட்டு ஒன்றை வீடியோவில் வைத்துக்கொள்ளக் கேட்கலாம். கூட்டுக் குடும்பத்தில் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஹெட்போன் போட்டால் அவர் பேசுவதுதான் வெளியே கேட்காது, நீங்கள் பேசுவது கேட்கும். ஆபீஸ் முடிந்து ஆளில்லாத ஒரு அறை, தோழி வீட்டு மாடி, நிறுத்திவைத்த கார் இப்படி ஏதாவது ஒன்றை முதலில் உறுதி செய்யுங்கள்.

மாத்திரை விஷயம். சைக்காலஜிஸ்ட் மாத்திரை தரமாட்டார். தூக்கம் மிகவும் கெட்டிருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, கேள்விப் பட்டியலின் கூட்டுத்தொகை மிக அதிகமாக வருகிறது என்றால் சைக்கியாட்ரிஸ்டைப் பார்க்கச் சொல்வார். பதற்றத்துக்கும் சோர்வுக்கும் பொதுவாக எழுதும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் சில நாள் வயிற்றுப் பிரட்டலும் கொஞ்சம் கூடுதல் பதற்றமும் வரலாம். அதைப் பார்த்து மூன்றாம் நாளே நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கிறது. இவை போதைக்கு அடிமையாக்குபவை அல்ல, ஆனால் டாக்டர் சொல்லாமல் சட்டென்று நிறுத்தக்கூடாது, படிப்படியாகக் குறைக்கவேண்டும். பழக்கமாகிவிடும் என்று நீங்கள் பயப்படுவது வேறொரு வகைக்குப் பொருந்தும்: ஆல்ப்ரசோலம், குளோனசிபாம் போன்றவை. அவற்றை டாக்டர் கொஞ்ச நாளைக்குத் தரலாம். பக்கத்து வீட்டம்மா கொடுத்தது, மெடிக்கல் ஷாப்பில் ‘தூக்கத்துக்கு’ என்று சீட்டில்லாமல் வாங்கியது என்று ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். திட்டமாட்டார்கள். மறைத்தால் சிகிச்சை ஏன் பலிக்கவில்லை என்று இருவரும் இருட்டில் தேடவேண்டியிருக்கும்.

கயிறு கட்டிக்கொள்வதா என்று கேட்டால், மாமியாரோடு அதற்காகச் சண்டை போடாதீர்கள். கோயிலுக்குப் போவதில் மனம் ஆறுகிறது என்றால் போங்கள். அதைச் சொல்லி வியாழக்கிழமையை ரத்து செய்யாமல் இருந்தால் போதும்.

பாதியில் எங்கே தடுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் சந்திப்பு முடிந்த அன்று ராத்திரி முன்னைவிட மோசமாக இருக்கலாம், மூடிவைத்ததைத் திறந்திருக்கிறீர்கள். இரண்டாவது வாரம், ‘ஒன்றுமே சொல்லமாட்டேன் என்கிறார், கேட்டுக்கொண்டே இருக்கிறாரே, இதற்கா 1,000 ரூபாய்?’ என்று தோன்றும். புத்திமதி சொல்ல உங்கள் வீட்டிலேயே நாலு பேர் இருப்பார்கள், அது பலித்திருந்தால் நீங்கள் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். மூன்றாவது வாரம் தூக்கம் கொஞ்சம் திரும்பியதும் ‘சரியாயிடுச்சு’ என்று நிறுத்தத் தோன்றும். பெரும்பாலும் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள், மாடிப்படிப் பயம் அப்படியே இருக்க. நிறுத்துவது உங்கள் உரிமைதான். போன் எடுக்காமல் மறைந்துவிடாமல், ஒரே ஒருமுறை போய் ‘நிறுத்தப்போகிறேன்’ என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அந்தச் சந்திப்பில் திரும்ப வந்தால் என்ன செய்வது என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

ஆலோசகரே சரியில்லை என்பதும் நடக்கும். மூன்று சந்திப்பாகியும் இவரிடம் பேச வரவில்லை என்றால் மாற்றுங்கள், அவரே வேறொருவரைச் சொல்லுவார். ஆனால் சில விஷயங்களுக்கு மூன்றாவது சந்திப்பு வரை காத்திருக்கவேண்டாம். ‘இத்தனை சிட்டிங்கில் குணமாக்குகிறேன்’ என்று உத்தரவாதம் தருவது, இன்னொருவர் கதையைப் பேர் ஊரோடு உங்களிடம் சொல்வது, டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்வது, வெளியே காபி சாப்பிட அழைப்பது, ராத்திரியில் சொந்த விஷயமாக வாட்ஸ்அப் அனுப்புவது, தொடுவது. இதில் எது நடந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள், காரணம் சொல்லவேண்டியதில்லை. ‘குடும்பம்னா அப்படித்தான், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா’ என்று முதல் நாளே தீர்ப்புச் சொல்கிறவரும் உங்களுக்கு உதவமாட்டார்.

வியாழனுக்குள் ராத்திரி தாங்க முடியாமல் போனால் டெலி மனஸ் என்ற மனநல உதவி எண் 14416. அரசு நடத்துவது, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், இலவசம். தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண் 104-ம் இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் வியாழனுக்காகக் காத்திருக்காதீர்கள். அதேபோல நெஞ்சுவலி இதுவரை வந்த மாதிரி இல்லாமல் அழுத்தமாக வந்து, வியர்த்து, தாடைக்கோ கைக்கோ பரவினால் பதற்றம் என்று படுத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

வியாழனன்று அரைநாள் விடுப்புக்குப் பதில் முழுநாள் எடுங்கள். முடிந்ததும் நேராக பஸ் ஸ்டாண்டுக்கு ஓடாமல் எங்காவது அரைமணி உட்கார்ந்து, நினைவிருப்பதை நாலு வரி குறித்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். வீட்டில் ‘என்ன சொன்னாங்க?’ என்று கேட்பார்கள். ‘இன்னும் ரெண்டு மூணு தடவை வரச் சொன்னாங்க’ என்ற பதில் போதும்.

என்ன பேசுவது என்று தெரியவில்லை என்றீர்கள். எனக்கு எழுதிய கடிதத்தின் நகல் போனில் இருக்கும். உட்கார்ந்ததும் அதை எடுத்து, ‘எட்டு மாதத்துக்கு முன் அப்பா இறந்துவிட்டார்’ என்ற வரியிலிருந்து வாசியுங்கள். வாசிக்க முடியாமல் தொண்டை அடைத்தால் போனை அவரிடமே கொடுத்துவிடுங்கள், அவர் படித்துக்கொள்வார்.